அடங்காத எண்

கப்பலுக்குத் திரும்புமுன்
எபனேசர் ஒரு பென் டிரைவ் கொடுத்தான்.
"ஜாஸ். பாதியில் அணைத்துவிடாதே.
அணைத்தாலும் குற்றமில்லை."
பத்தொன்பது நிமிடம்.
தலைப்பு கதவிலக்கம் மாதிரி இருந்தது:
ஓர் எண், ஒரு கோடு, இன்னோர் எண்.

தாழையூத்து எடைமேடையில் இரவுப்பணி.
ஆனி மாதம். செங்கோட்டைக் கணவாயில் நுழைந்த காற்று
இவ்வளவு தூரம் வந்தும் களைக்காமல்
தகரக்கூரையைப் பிடித்து உலுக்குகிறது.
சுண்ணாம்புக்கல் லாரி ஏறினால்
சிவப்பு எண்கள் துள்ளும்:
இருபத்துநாலாயிரத்து முந்நூற்று அறுபது,
எண்பது, நாற்பது, மறுபடி அறுபது.
நிற்கும்வரை விரல் பொத்தானுக்குப் போகக்கூடாது.
பதினாறு வருடமாய் என் வேலை
எண் அடங்கக் காத்திருப்பதுதான்.

இதில் எண் அடங்கவில்லை.

முதலில் ஒரு சாக்ஸபோன்,
மீன்முள் தொண்டையில் மாட்டியவன்
வாயைத் திறந்து சொல்லவும் முடியாமல்
சோற்றுருண்டை கேட்பது போல.
பியானோ வந்தது, மேளத்தைக் காணோம்.
மேளம் வந்தபோது பியானோ போய்விட்டது.
பதினொன்று எண்ணினேன். அடுத்த சுற்று பதின்மூன்று.
மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு
கையை மூடிக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் சுடலைக்குக் கொடை நடக்கும்.
அந்த மேளம் எவ்வளவு வெறித்தாலும்
சாமியாடியின் காலில் வந்து இறங்கிவிடும்.
இது இறங்கக் கால் தேடாத மேளம்.

ஏழாம் நிமிடம் சத்தமே இல்லை.
பென் டிரைவ் செத்ததென்று பிடுங்கப்போனேன்.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
யாரோ மூச்சை இழுத்தார்கள்.
அதையும் அழிக்காமல் வைத்திருந்தார்கள்.

வரிசையில் லாரியை விட்டுவிட்டு
மாசானம் ஜன்னலில் தலையை நீட்டினான்.
"என்ன வே, ஸ்பீக்கர் காயில் போயிட்டா?"
"இல்ல வே. பாட்டு."
"சவத்த அமத்தும். இருட்டுல பயமா கெடக்கு."

அமத்தியிருப்பேன்.
பன்னிரண்டாம் நிமிடத்தில் அந்த மேளக்காரன்
ஒவ்வோர் அடியையும் அரை மாத்திரை பிந்தி வைத்தான்.
தவறி அல்ல.
மற்றவர்கள் அவனுக்காக நிற்கவில்லை,
விட்டுவிட்டும் போகவில்லை.

பாளையங்கோட்டை. எனக்குப் பதினோரு வயது.
கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மூன்றாம் வரிசை.
கொயர் மாஸ்டர் தங்கையா தேவசகாயம்
பென்சிலால் ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தினார்.
"நீ அரை மாத்திரை பிந்துகிறாய், தம்பி.
வாயை மட்டும் அசை."
அசைத்தேன்.
மூன்று கிறிஸ்துமஸ் அசைத்தேன்.
கல்யாண வீட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும்
இன்றைக்கும் வாயைத்தான் அசைக்கிறேன்.

அழுகை வந்ததென்றால் பொய்.
கோபம் வந்தது.
இவனுக்கு மட்டும் யார் அனுமதி கொடுத்தது?
இவனுடைய பென்சில்காரர்
அன்றைக்கு எங்கே தொலைந்துபோனார்?

முடிந்தபோது முடிந்தது போலவே இல்லை.
ஒரு பித்தளைத் தட்டு அதிர்ந்து தேய்ந்து,
எது தட்டு, எது தகரக்கூரை என்று
பிரிக்க முடியாத இடத்தில்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சூயஸிலோ சிங்கப்பூரிலோ சிக்னல் கிடைக்கும்போது
பிடித்ததா என்று எபனேசர் கேட்பான்.
பிடித்தது என்று எழுத வராது.
பிடிக்கவில்லை என்றால்
ஏன் நான்கு தடவை கேட்டாய் என்பான்.

மாசானம் லாரியை மேடையில் ஏற்றினான்.
எண்கள் துள்ளின, சலித்தன, நின்றன.
ஹாரன் அடித்தான்.

ஒன்று.

இன்னும் அரை.

பிறகுதான் அழுத்தினேன்.
சீட்டு வந்தது.