குழாய் முனை

ஆரின் சுட்ட அட்டையில்
வட்டத் துளை ஒன்றுகூட இல்லை.
எல்லாம் சாவித் துவாரங்கள்.
பதினைந்து கஜம் போவதற்குள்
குண்டு சரிந்திருக்கிறது,
குடித்தவன் வாசலில் நுழைவதுபோல்
பக்கவாட்டில்.

"துப்பாக்கியை விற்றுவிடப் போகிறேன்" என்றான்.
"முதலில் குண்டை அள" என்றேன்.
வாரத்தில் ஐந்து நாள்
பானக் கவுண்டியின் பெட்ரோல் பங்க்குகளில்
ஐந்து காலன் குடுவையோடு போய் நிற்பவள் நான்.
என் வண்டி திரும்பும் சத்தத்தில்
கசாப்புக் கடைத் தராசுகள்
தாமாகவே நிமிர்ந்துகொள்ளும்.

போகடெல்லோவில் பிப்ரவரி.
கராஜில் இருக்கும் ஹீட்டர்
தன் கால்களை மட்டும் காய்ச்சிக்கொள்கிறது.
தள்ளுபடியில் வாங்கிய டிஜிட்டல் காலிப்பர்,
அங்குலத்தை ஆயிரமாய் அறுத்துக் காட்டுமாம்.
அவன் கையில் .357.
என் கையில் .355.
பனி வாரும் மண்வெட்டி கேட்டு வந்த டூயி ஆர்பகாஸ்ட்
நின்றபடியே அளந்தான்: .356.
"ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாமா?" என்றான்.

ரயில்வே பட்டறைக்காரன் அவன்.
வீட்டுக்குப் போய் மைக்ரோமீட்டர் கொண்டுவந்தான்,
பெட்டி தொலைந்து வருஷக்கணக்காகி
கம்பளிக் காலுறைக்குள் குடியிருக்கும் ஒன்று.
கொண்டுவந்தும் தொடவிடவில்லை.
கருவியும் குண்டும்
அரைமணி அக்கம்பக்கத்தில் கிடக்க வேண்டும்,
ஒரே குளிர் இரண்டுக்கும் ஏற வேண்டும்.
பிறகு அதன் வாயில் ஒரு துண்டுக் காகிதத்தை விட்டு
மெல்ல இழுத்துத் துடைத்தான்.
வெறும் வாயை மூடினான்.
பூஜ்யம்.
ஒன்றும் இல்லாதபோது
ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரிந்திருந்தது அதற்கு.
சரி, இனி பேசட்டும்.

டிக், டிக், டிக். மூன்றோடு நிறுத்து.
அதற்கு மேல் திருகினால் அளப்பதில்லை, நசுக்குவது.
ஈயம் யார் பிடித்தாலும்
அவர் சொல்வதற்குத் தலையாட்டும்.

.3562.
கொஞ்சம் உருட்டி, .3565.
அச்சின் இரு பாதியும் சேர்ந்த தழும்பின் மேல், .3570.
உருண்டை என்று நாங்கள் நம்பியது உருண்டை இல்லை.
ஆரின் சராசரி போடப் போனான்.
பென்சிலைப் பிடுங்கினேன்.
"சின்னதை எழுது. பெரியதை எழுது.
நடுவில் இருப்பது நீயாகச் செய்தது."

குழாயின் உள்ளளவு .3555.
போன வாரமே மெத்தென்ற ஈயத் துண்டைத்
தட்டித் தட்டி உள்ளே விட்டு எடுத்த கணக்கு.
ஆக, குண்டு குழாயைவிட ஒரு இழை பெரிது,
இருக்க வேண்டியபடியே.
எண்கள் எல்லாம் சரி.
அட்டையில் துளைகள் எல்லாம் கோணல்.

பதினொரு மணிக்கு
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு டூயி போனான்.
மைக்ரோமீட்டரை மறந்தா, வேண்டுமென்றா, விட்டுப் போனான்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.
டேங்கர் லாரியில் இருக்கும் பெட்ரோலை
நான் என்றைக்கு அளந்திருக்கிறேன்?
குழாய் முனையில் விழுவதைத்தானே.
ஈரக் கையோடு கராஜுக்கு ஓடினேன்.
"நீ அளந்தது தோட்டாவுக்குள் போகாத குண்டு, ஆரின்.
போனதை வெளியே எடு."

பிடுங்கு சுத்தியலில் ஒரு தோட்டாவை மாட்டி
தரையில் மூன்று அடி.
மருந்துத் துகளோடு குண்டு வந்து விழுந்தது.
துடைத்தோம். காத்திருந்தோம்,
இந்த முறை அரைமணிக்கு யாரும் முனகவில்லை.
டிக், டிக், டிக்.

.3541.

பித்தளைக் கூடு இறுக்கிப் பிடித்த பிடியில்
இடுப்பு சிறுத்துப் போயிருந்தது.
குழாயின் வரிகளைத் தொடாமலே
வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது பாவம்.

ஆரின் அந்தக் குண்டை
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
நான் எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அது குண்டைப் பற்றியதாக இருந்திருக்காது.

கூட்டின் வாயை அகட்ட
பெரிய முளை வாங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டான்.
விளக்கை அணைத்தோம்.

காலையில் நெடுஞ்சாலை ஓரத்து பங்க்கில்
ஐந்து காலனுக்கு ஏழு கன அங்குலம் குறைவு.
முதலாளி வெளியே வந்து
"லாரியில் சரியாகத்தானே ஏற்றினார்கள்" என்றார்.
சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.
அதன் மேல் என் கட்டைவிரல்,
ஈயச் சாம்பலில்,
வரி வரியாக.