பதினோராயிரத்து நானூற்று ஆறு மைல்

விளம்பர வாசகத்தை அவர் சொல்லச் சொல்ல
நான்தான் எழுதினேன்.
ட்ரையம்ஃப் டி.ஆர்.3, ஐம்பத்தொன்பதாம் வருட மாடல்,
இரண்டு பேர் உட்காரலாம், கூரை மடங்கும்.
கீறல் இல்லை, துரு இல்லை.
ஓடியது பதினோராயிரத்து நானூற்று ஆறு மைல்.
"மைல்னு போடு, கிலோமீட்டர்னு போட்டுறாத" என்றார்.
போட்டேன்.

சீட்டுக் கம்பெனி அருணகிரி
ராத்திரியோடு ராத்திரியாய் ஊரைவிட்டுப் போகுமுன்
எங்கள் பணத்துக்கு ஈடாய் விட்டுப்போன வண்டி.
மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.
நாளானால் விலை ஏறுமென்று
நரிமேட்டு ஷெட்டில் போர்வை போர்த்தி வைத்தார்.
ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பார்.
கூரையைத் திறந்ததில்லை.
கேன்வாஸ் வெளுத்துவிடுமாம்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஜெயவர்த்தன்
பையிலிருந்து ஒரு காந்தம் எடுத்து
மட்கார்டு முழுக்க ஒட்டிப் பார்த்தார்.
எல்லா இடத்திலும் பிடித்தது.
"மெட்ராஸ் வண்டின்னா உப்புக் காத்துல
இந்நேரம் அப்பளமாயிருக்கும் சார்."
இவருக்குப் பெருமை தாங்கவில்லை.
வைகையில் தண்ணீர் ஓடாததை
இவர்தான் ஏற்பாடு செய்தது போலச் சிரித்தார்.

செவ்வாய் இரவுகளில் இவர் கூட்ஸ் வண்டி கார்டு.
பச்சை விளக்கோடு விருதுநகர் போய்
புதன் காலை பத்துக்குத்தான் வருவார்.
அடையாள அட்டைக்கு ஆகுமென்று சொல்லி
எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியிருந்தேன்.

மீட்டருக்குப் பின்னால்
கத்திரிக்காய்க் காம்புத் தடிமனில் ஒரு கேபிள்.
விரலாலேயே கழற்றலாம்.
கழற்றிவிட்டால்
எவ்வளவு போனாலும் போகாததுதான்.

எங்கள் தெரு சரிவு.
நியூட்ரலில் உருளவிட்டு முனையில்தான் சாவி.
புதூர் தாண்டி, மூன்றுமாவடியில்
கூரையை மடித்து உள்ளே தள்ளுவேன்.
மதுரைக்கு வழி வாயிலே என்பார்கள்.
மதுரையைவிட்டுப் போகிற வழியை
நான் யாரிடமும் கேட்கவில்லை.
கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி,
அழகர்மலை இருட்டுக்குள் இன்னொரு இருட்டாய் எழும்வரை.
கதவு அவ்வளவு தாழ்வு,
கை தொங்கப்போட்டால் தார்ச்சாலை உரசிவிடும்.
ஒருதரம் தொட்டும் பார்த்தேன்.
நகம் போயிற்று. அரிவாள்மனை என்று சொன்னேன்.

ஒரு போலீஸ்காரர் நிறுத்தி டார்ச் அடித்தார்.
"ஏம்மா, மேல்மூடி எங்க?"
"வீட்ல இருக்கு சார்."
யோசித்துவிட்டு
"பாத்துப் போங்க, பனி பெய்யுது" என்றார்.

பெட்ரோலை வீட்டுக் கணக்கில்
கிரைண்டர் ரிப்பேர் என்று எழுதினேன்.
ஒரு வருடத்தில் ஒன்பது தடவை
கெட்டுப்போனது எங்கள் கிரைண்டர்.
திரும்பும்போது பால் வண்டியின் சத்தத்தில் கலந்து
தெருவேறிவிடுவேன்.
பிறகு சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாய்த் துடைப்பது.
நன்கு பராமரிக்கப்பட்டது என்று
விளம்பரத்தில் இருக்கிறதே, அதுதான்.

ஜெயவர்த்தன் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
கேபிள் முனையின் பித்தளைத் திருகு
நாங்கள் புழங்குகிற குத்துவிளக்கு போல
பளபளப்பாய் இருந்திருக்கும்.
எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.

விலை படிந்தது. அட்வான்ஸ் எண்ணினார்கள்.
கண்ணாடி அறை கட்டியிருக்கிறாராம்,
ஏசி, ஈரப்பதம் அளக்க மெஷின்,
வண்டி இனி தரையில் ஒரு அடிகூட ஓடாதாம்.
இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

டீத் தட்டோடு நின்றிருந்த நான்
எனக்கே கேட்கும்படிதான் சொன்னேன் என்று நினைத்தேன்:
"மேட்டுல மூணாவது கியர் போட்டா லேசா திணறும்.
மிதிக்காம, கொஞ்சம் பொறுத்தா
அதுவா இழுத்துக்கும்."

ரூபாய்த் தாளில் எச்சில் விரல் நிற்க
இவர் நிமிர்ந்தார்.
"உனக்கு எப்டித் தெரியும்?"

ஜெயவர்த்தன் சட்டென்று டீயை எடுத்துக்கொண்டு
சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார்.
நான் இன்னும் போடவே இல்லை.