கூரை ஒழுகுகிறது

அனுமதிக் கடிதத்தில் இரண்டு பெயர்:
சலோமி, தில்ஷாத்.
வேலூர் கோட்ட அலுவலகத்துக்கு
மூன்று சனிக்கிழமை நடந்து வாங்கியது.
வெள்ளி மாலை
ஜெர்மனிக்குப் போன நாலாயிரம் ஜோடி
தையல் பிசகென்று திரும்பி வர
சூப்பர்வைசர் அவள் லீவு சீட்டைக் கிழித்தார்.
நான் பேக்கிங் செக்‌ஷன்.
தைத்தால்தானே கட்ட.
"போயிட்டு வாடி, ரெண்டு பேருக்கும் சேத்து"
என்றாள், பல்லில் நூலைக் கடித்தபடி.

ஒடுகத்தூர் வரை பஸ்.
அப்புறம் யூரியா மூட்டை, இரும்புக் கட்டில்,
கட்டில்காலில் கட்டிய சேவலோடு ஒரு ஜீப்.
பீஞ்சமந்தை தாண்டி இறக்கிவிட்டான்.
மீதி நடை.

வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா என்றார்கள்.
பங்களா என்பது பெரிய சொல்.
இரண்டு அறை, ஒரு கணப்பு,
கணப்புக்குள் கைவிட்டுப்போன தேன்கூடு.
சுவர் ஒரு முழக் கனம்.
தேக்கு உத்திரத்தில்
பங்காக் கயிறு அறுத்த பள்ளம்.
கட்டியவன் பெயர் வாசல் கல்லில் இருக்கிறது.
கயிறு இழுத்தவன் பெயர்
பள்ளமாகத்தான் இருக்கிறது.

வாட்சர் சாமக்கண்ணு
எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.
"ஒண்டியாவா வந்தீங்க?
லெட்டர்ல ரெண்டுன்னு போட்டுக்குதே."
"அவளுக்கு லீவு கிடைக்கல."
"சாமச்சோறு ரெண்டு பேருக்கு ஆக்கிட்டேன்"
என்றார், அதுவும் என் கணக்கில் சேர்வது போல.

சோலார் விளக்கு ஏழரைக்கே கண்செருகியது.
போன் வெளிச்சத்தில் பழைய பதிவேடுகள்.
முதல் கட்டு முழுக்கப் பூச்சி தின்ற இங்கிலீஷ்;
எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் ரூஃப்.
அறுபத்திரண்டில் ஒரு ரேஞ்சர்:
கடத்தல் சந்தனம் பதினோரு கட்டை. கூரை ஒழுகுகிறது.
எழுபத்தொன்பதில் யாரோ:
கரடி ஒன்று, தூரத்தில். கூரை ஒழுகுகிறது.
தொண்ணூற்று நாலில் புதுசாய்க் கல்யாணமானவர்கள்.
மனதுக்கு இதமான அமைதி என்று நீல மை.
அதன் கீழே, வேறு கையில், பொடி எழுத்தில்
கூரை ஒழுகுகிறது.
ஒரே ஒருவர்,
இரண்டாயிரத்து மூன்று மே மாதம்:
ஒழுகவில்லை.
மழையே பெய்யாத வருஷம் அது.

சிக்னல் ஒரே ஒரு பாறைமேல்.
டவர் கல்லு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
ஏறி நின்று "வந்துட்டேன்" அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
மலை இறங்கும் இடத்தில் ஏதோ ஊர் வெளிச்சம்.
ஆம்பூர் என்று வைத்துக்கொண்டேன்,
நைட் ஷிஃப்டின் ட்யூப்லைட் என்றும்.
இத்தனை காற்றிலும்
என் விரலில் பசை நாற்றம் போகவில்லை.

ஒரு மணிக்கு மழை.
என் கட்டிலில் இல்லை, அவள் கட்டிலில்,
தலை வைக்கும் இடத்தில் சரியாக.
மெத்தையைச் சுருட்டிவிட்டு
அலுமினிய வாளியை அங்கே படுக்கப்போட்டேன்,
அப்புறம் சிரித்துவிட்டு நிமிர்த்தி வைத்தேன்.
டொக்.
காலி வாளிக்கு ஒரு குரல்,
கால்வாசிக்கு வேறு.
அவள் மெஷினும் இப்படித்தான்,
தோல் ஒரு மடிப்பு கூடினால் தொண்டை கட்டும்;
அதைக் கேட்டே
என்ன மாடல் ஓடுகிறதென்று நான் சொல்வேன்.

பயந்திருக்க வேண்டிய ராத்திரி.
நேரமில்லை.
மூன்று தடவை வாளி கொட்டினேன்.
மூன்றாம் தடவை வெளியே போனால்
மழை எப்போதோ நின்றிருந்தது.
கூரைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

காலையில் பதிவேட்டை நீட்டினார்.
ஊர்: ஆம்பூர்.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் சும்மா நின்றது.
தூங்க, என்று எழுதினேன். பொய்.
எத்தனை பேர்: இரண்டு.
சாமக்கண்ணு எட்டிப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை,
ரெண்டாவது டம்ளர் டீயைத் தானே குடித்தார்.

"எங்க ஒழுவுச்சு?"
"ரெண்டாவது கட்டில்ல."
"எப்பவும் அங்கதான் ஒழுவும்.
அதுக்குத்தான் ஒண்டியா வர்றவங்கன்னா
எனக்கு நிம்மதி."

ஜீப் பத்து மணிக்கு.
வாளியில் மிச்சமிருந்ததில்
முகம் கழுவிக்கொண்டேன்.