மஞ்சள் கோடு

மணி மூணே கால்.
வெள்ளகோவில் தாண்டி, காங்கயம் ரோட்டோரத்து மில்.
ஈரக்காற்றுத் தள்ளும் பெரிய ஃபேன் நின்று
ரெண்டு மணி நேரம்.
மேலே நூல் அறுகிறது, அறுகிறது.
கீழே நானும் தபனும்
பேச்சைக் குறைத்துக்கொண்டோம்.

பழைய பேரிங் வந்துவிட்டது.
தண்டைத் துடைத்து அளந்தாயிற்று.
நூறு மில்லி.
புதியதை எண்ணெய்த் தாளிலிருந்து பிரிக்குமுன்
உடம்பிலிருக்கும் உலோகத்தைக் கழற்ற வேண்டும்.
வாட்ச், மோதிரம், தபன் கழுத்துச் செப்புத் தாயத்து
எல்லாம் ஜன்னல் விளிம்பில்,
வாய்க்காலில் இறங்கப் போகிறவர்கள் மாதிரி.
அப்புறம்தான் நினைவு வந்தது
இடுப்பில் வெள்ளி அரைஞாண்.
கலியாணத்துக்கு மாமனார் போட்டது. கொக்கி வரவில்லை.
தபன் கட்டிங் பிளேயரோடு நின்றான்.
சட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.
ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

தீயில்லாத அடுப்பு இது.
இரும்பு நுகத்தில் பேரிங்கைக் கோத்து
உள்வளையத்தில் காந்த மூக்கை ஒட்டி
நூற்றுப்பத்து என்று அழுத்தினேன்.
உம்ம்ம் என்றது.

நாற்பது.
எழுபது.
சிவக்காது. புகையாது.
சுட்ட இரும்புக்கும் சுடாத இரும்புக்கும்
ஒரே முகம்.
போன ஆடியில் ஒருத்தன் அந்த முகத்தை நம்பி
வெறுங்கை வைத்தான்.

தொண்ணூற்று இரண்டு.
கதவு திறந்தது.
சென்னியப்பன் முதலாளி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு,
"இன்னும் எத்தன நேரமப்பா?"
நேராக வருகிறார்.
அவர் இடது தோளெலும்புக்குக் கீழே
தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்று.
சித்திரையில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்தது.
சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம்.

"நில்லு!"

விரல் அதற்குள் சிவப்புப் பொத்தானில்.
உம்ம் அடங்கியது.
பன்னிரண்டு வருஷத்தில்
'ங்க' இல்லாமல் அவரிடம் நான் சொன்ன முதல் சொல்
சுவரில் முட்டி
எனக்கே திரும்பி வந்தது.

தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அப்பால்
அவருடைய செருப்பு.
கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார்.
தபன் கதவைத் தாழிட்டான்.

மறுபடியும் அழுத்தினேன்.
நூற்றுப்பத்து.
காந்தம் இறங்கும்வரை காத்திருந்தோம்.
இறங்காவிட்டால் அக்கம்பக்கத்து இரும்புத் தூளெல்லாம்
உறவு சொல்லிக்கொண்டு வந்துவிடும்.
ஒரு ஊசியை நீட்டிப் பார்த்தான் தபன்.
ஊசி சும்மா இருந்தது.

கையுறை. நாலு கை. தூக்கு.
வளையம் விரிந்திருப்பது ஒரு தலைமுடி அகலம்.
அந்த வாசலும் கொஞ்ச நேரத்தில் சாத்திவிடும்.
சாய்க்காதே, நிறுத்தாதே, ஒரே தள்ளு.
தோளில் போய் முட்டியது.
அங்கேயே அழுத்திப் பிடித்திருந்தோம்,
குளிர்ந்து தண்டைக் கவ்வும்வரை.
சுத்தியல் பெட்டிக்குள்ளேயே தூங்கியது.

கதவில் தட்டும் ஓசை. மெதுவாக.
"உள்ள வரலாமுங்களா?"

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு
வாங்க என்றேன்.