ஐந்து நிமிடம்

அல் ஐனில், பல்கலைக்கழக பஸ் டிப்போவில்
மாதக் கடைசி வெள்ளி இரவு
இரண்டு பஸ்களை எதிரெதிரே நிறுத்தி
ஹெட்லைட் போடுவோம்.
நடுவில் விழுகிற வெளிச்சம்தான் மேடை.
ஆயில் டின்களைக் கவிழ்த்து உட்காருவார்கள்
லேப் ஆட்கள், லைப்ரரி ஆட்கள்,
ஏ.சி. மெக்கானிக் ரஹ்மத்துல்லா,
ஹாஸ்டல் கிச்சனிலிருந்து
வெங்காய வாசனையோடு நாலு பேர்.
யாரும் வந்து சொல்லலாம்.
சொந்தமாக நடந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி,
அதையும் யாரும் சோதிப்பதில்லை.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
என் வேலை ஹாரன் அடிப்பது.

பதினான்காம் நம்பர் பஸ் சிலுவையண்ணனிடம்
இருந்தது ஒரே கதை.
ஜனவரி மூடுபனி, துபாய் ரோடு,
பின்னால் முப்பத்திரண்டு மாணவிகள்,
முன்னால் ஒரு ஒட்டகம்.
மறு வருடம் அது குட்டியோடு வந்தது.
கொரோனாவுக்குப் பிறகு ஏழாகிவிட்டது.
போன ஏப்ரலில்
அதிலொன்று கண்ணாடியில் மூக்கை வைத்து
அவர் பெயரைக் கேட்டது.
"நான் என்ன சொன்னேன் தெரியுமாவே" என்று
கையை உயர்த்தினார்.
நான் ஹாரன் அடித்தேன்.
எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து
"அடுத்த மாசம்" என்று வெளிச்சத்தை விட்டு இறங்கினார்.

மே இருபது.
கடைசி ட்ரிப் முடித்து
வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்தி
ஹேண்ட் பிரேக்கை இழுத்து
ஏ.சி.யை அணைத்து
அதற்குப் பிறகுதான்
ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார்.

இந்த மாத வெளிச்சத்தில் பாதி அவர் பஸ்ஸுடையது.
ரஹ்மத்துல்லா அவர் குரலிலேயே தொடங்கினார்,
நடுவில் வரும் அந்த இருமல் உட்பட.
"பனின்னா பனி, என் மூக்கே எனக்குத் தெரியல."
தில்லைவாணன் பாதியில் எழுந்து ஒட்டகமானான்,
கழுத்தை நீட்டி, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி.
பெயர் கேட்ட ஒட்டகத்துக்கு
ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.
நல்ல பதில்கள்தான்.
ஒன்றும் அவர் வாயில் பொருந்தவில்லை.

பிறகு முபீனா வந்தாள்,
கணவனையும் தூங்கும் குழந்தையையும் காரில் விட்டுவிட்டு.
இப்போது கெமிஸ்ட்ரி லேபில் வேலை.
அன்று முப்பத்திரண்டில் ஒருத்தி.
இந்த ஊரிலேயே பிறந்தவள்;
இருட்டில் படி ஏறுகிற மாதிரி
தமிழைக் காலால் தொட்டுத் தொட்டுப் பேசுவாள்.

"ஒட்டகம் வரல," என்றாள்.
"ஒண்ணுமே வரல. வெள்ளையா இருந்துச்சு.
அண்ணன் வண்டிய மணல்ல இறக்கிட்டார்.
ரோட்டுல எங்கியோ டமார், திரும்ப டமார்.
எத்தனைன்னு எண்ண முடியல.
நாங்க அழுதோம்.
அவர் சீட்ல திரும்பி உட்கார்ந்தார். கை நடுங்குச்சு.
கொஞ்சம் அரபி, கொஞ்சம் ஹிந்தி,
'அதோ நிக்கிது பாரு, ஒட்டகம்'னார்.
பார்த்தோம்.
ரெண்டு மணி நேரம் பார்த்துக்கிட்டே இருந்தோம்."

ஏழு நிமிடம் ஆகியிருந்தது.
எட்டு.
ஹெட்லைட்டில் பூச்சிகள் மோதும் சத்தம் மட்டும்.

கேட்டிலிருந்து டார்ச்சோடு வந்தார் குல் நவாஸ்.
மணி பதினொன்று, விளக்கை அணையுங்கள்.
அப்படி என்ன விசேஷம் இன்றைக்கு?
சொன்னோம்.
டார்ச்சைத் தரைக்குப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார்.
"அந்த ஒட்டகமா," என்றார் உருதுவில்,
"விடியற்காலை சாவி வாங்க வரும்போது சொல்வாரே.
அது பெயரைக் கேட்டது.
இவர் சொல்லவில்லை.
முதலில் நீ உன் பெயரைச் சொல் என்றார்."

"அது சொல்லிச்சா?"
தாடையை இன்னும் ஒட்டகமாகவே வைத்திருந்த
தில்லைவாணன்தான் கேட்டான்.

குல் நவாஸ்
வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வெளிச்சத்துக்குள் வந்தார்.

நான் போனில் நேரத்தைப்
பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.