குச்சி

குடியாத்தத்தில், தீப்பெட்டிக் கம்பெனிச் சுவரோரம் பிறந்தது.
அதனால் குச்சி.
யார் உரசிப் போனாலும் பற்றிக்கொள்ளும் என்பது
பெயர் வைத்தபோது தெரியாது.

ஒன்பது மாதம். ஒரு காது நிமிர்ந்துவிட்டது,
இன்னொன்று யோசித்துக்கொண்டிருக்கிறது.
கதவைத் திறந்தால் தோட்டப்பாளையத்துச் சந்து முழுக்க
அதன் சொந்தக்காரர்கள்:
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்து வரும் மால்டாக்காரர்,
தலைக்கட்டோடு வாழைப்பழம் பேரம் பேசும் பையன்,
புறங்கையில் ஊசிக்குழாய் ஒட்டியிருக்க
லாட்ஜ் படியில் காற்றுக்கு நிற்கும் பெண்.
எல்லோர் மேலும் முன்னங்கால் வைத்து
முகத்தை நக்கி நலம் விசாரித்தாக வேண்டும்.
கடிக்காது, கடிக்காது என்று நான் கத்துவது
எந்த மொழியில் கத்தினாலும்
கடிக்கும் என்றுதான் போய்ச் சேர்கிறது.

ஒருநாள் ஒரு ஊன்றுகோல் சறுக்கியது.
விழவில்லை. ஆனாலும்.
லாட்ஜ் வாட்ச்மேன் ஏகாம்பரம் சொன்னார்:
"இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கு
நீயே ஆள் சேக்கறியா?"

கோழி ஈரலை அவித்து, சுண்டுவிரல் நகமளவு நறுக்கி
இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன்.
முதல் வாரம் கூட்டத்திலிருந்து
மூன்று மின்கம்பம் தள்ளி நின்றோம்.
அங்கிருந்து மனிதர்கள் சின்னதாக,
வாசனையில்லாமல் போனார்கள்.
ஒருவர் கடந்தார். குச்சி என்னைப் பார்த்தது. ஈரல்.
ஒருவர் கடந்தார். அவரைப் பார்த்தது, அப்புறம் என்னை. ஈரல்.
டீ கேன் கட்டிய சைக்கிள் கடந்தது.
குச்சி என்னை மறந்தது,
என் தோள்பட்டையையும்.

பிறகு இரண்டு கம்பம்.
மழை பெய்த அன்று மறுபடி மூன்று.
வேலூரில் மழையா என்று கேட்காதீர்கள்.
பெய்தது, பதினோரு நிமிடம்.
நனைந்த மனிதர்களின் வாசனை எப்படியென்று
குச்சியைத்தான் கேட்க வேண்டும்.

பகலில் எனக்கு ரத்தம் எடுக்கும் வேலை.
ஒரு நாளைக்கு நூறு கை, நூற்றிருபது கை.
ஊசி ஏறியதும் முட்டோ குலுன் என்பேன்,
முட்டி கோலியே என்பேன்,
கைய விடும்மா என்பேன்.
இறுக்கிய முஷ்டியிலிருந்து வரும் ரத்தம்
பொய்க் கணக்கு காட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமைதான் கவனித்தேன்.
தெருமுனையில் யாரோ திரும்பியதும்
என் கை தானாக வாரைச் சுற்றுகிறது,
ஒரு சுற்று, இரண்டு சுற்று.
குச்சி இன்னும் ஆளைக்கூடப் பார்க்கவில்லை,
குப்பைத்தொட்டியை முகர்ந்துகொண்டிருக்கிறது.
வார் விறைத்தது, என் மூச்சு நின்றது,
அப்புறம்தான் அது தலை தூக்கி
என்ன ஆபத்து, எங்கே, என்று குரைத்தது.

ஆறு மாதமாக அதற்கு நான்
எதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வாரைத் தொய்ய விடுவது
ஈரல் நறுக்குவதுபோல் இல்லை.
துணி காயாத கொடியாய் அது தரையைத் தொடும்போது
எனக்குத்தான் வியர்த்தது.

கார்த்திகையில் ஒரு விடியல், கம்பமே இல்லாத தூரம்.
மொட்டைத் தலையும் முகக்கவசமுமாக ஒரு சிறுமி,
அப்பாவின் கையில் தொங்கிக்கொண்டு வந்தாள்.
கிருமி எதுவும் அண்டக்கூடாத பிள்ளை;
நடையிலேயே தெரியும் எங்களுக்கு.
குக்குர் என்றாள், கவசத்துக்குள்ளிருந்து.
அப்பா அவள் கையை இறுக்கினார்,
ஒரு சுற்று, இரண்டு சுற்று போல.
நான் விரல்களை ஒவ்வொன்றாக விட்டேன்.

குச்சி உட்கார்ந்தது.
உட்கார்ந்தது என்று சொல்லக்கூடாது,
வால் மண்ணைப் பெருக்க, தொடை நடுங்க,
தொண்டைக்குள் ஏதோ கொதிக்க
இருந்தது. அவ்வளவுதான், இருந்தது.
இரண்டு ஜோடிச் செருப்பும் எங்களைக் கடந்து
மருந்துக்கடை விளக்கு வரை போயின.

ஈரல் கொடுக்க மறந்துபோனேன்.
மூடியிருந்த என் கையை ஈரமூக்கு தட்டியது,
ஒருதரம். மறுபடியும்.
உள்ளே அது பிசைந்து கூழாகியிருந்தது.
திறந்தேன்.

திரும்பி வரும்போது கேட்டருகில் ஏகாம்பரம்.
வார் தொய்ந்துதான் இருந்தது.
பாய்ந்தது, இரண்டு காலும் காக்கிச் சட்டையில்.
"என்னைய ஆளாவே சேக்கலியா?" என்றார்,
முகத்தைத் துடைக்காமல்.