எழுவைதீவு, படிவம் ஏழு

எட்டரை வள்ளம். ஊர்காவற்றுறை இறங்குதுறையில்
ஒருவருக்கும் அவசரமில்லை.
பகலில் நான் நலன்புரிக் கணக்கெடுப்பு,
இரவில் முடிக்காத முதுமாணி:
பால்வீதியைச் சுற்றும் குறும் பேரடைகள்,
அவற்றுக்குள் வெள்ளிகளின் வேகம்.

சிக்கல் இதுதான்.
தெரிகிற வெள்ளிகளையெல்லாம் கூட்டினாலும்
அவற்றைக் கட்டிவைக்க நிறை காணாது.
(காணாது: எங்கள் பேச்சில் போதாது.
மற்றவர்களுக்குக் கண்ணில் படாது.
தர்சானந்தனும் நானும் இந்த ஒரு சொல்லில்தான்
இரண்டு வருடமாகச் சண்டை.)

"இருக்குது. தெரியேல்லை. அவ்வளவுதான்" என்பான்.
அவனுக்கு இருட்பொருள் வெளிநாட்டுக் காசு:
ஒரு வீட்டின் மதில் திடீரென்று உயர்ந்தால்
ஸ்காபரோவில் ஒரு தம்பி இருக்கிறான்.

நான் மற்றப் பக்கம்.
பொருளைத் தேடாதே, விதியைத் திருத்து.
(சொல் என்னுடையதல்ல, பாடநூலில் அப்படித்தான்.)
இழுவை மிக மெலிந்த இடத்தில் கணக்கு மாறும்;
நாலிலொன்றாகக் குறையவேண்டியது
பாதியோடு நின்றுவிடும்.
எவ்வளவு மெலிவு?
அதோ அந்தக் கடற்கோட்டை வாசலில்
ஒல்லாந்தன் காலத்தில் சும்மா நின்ற ஒருவனை
அத்தனை மெதுவாக, விடாமல், தள்ளிக்கொண்டே வந்திருந்தால்
இன்றைக்குத்தான் அவனுக்கு
நடைவேகம் வந்திருக்கும்.

எமல்டாவின் வீடு. ஓலை வேலி, நீலத் தண்ணீர்த் தாங்கி.
வருமானம்?
"நண்டு பட்டால் உண்டு."
பதினெட்டாயிரம் என்று எழுதினேன்.
செலவு: அரிசி, மண்ணெண்ணெய், ரியூசன்,
யூட் நிக்சனின் சப்பாத்து, திருநாளுக்கு ஒரு பங்கு.
நாற்பத்தோராயிரம்.
மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன்.
வெளியில் ஆராவது?
சிரித்தாள். "இருந்தால் நான் ஏன் தங்கச்சி
உங்களுக்கு அயலில கதிரை வாங்க ஓடுறன்?"

அல்போன்ஸ் கடைக் கொப்பியில் ஒரு கடன்,
அது அடைபட முன்னம் அடுத்தது,
சீட்டில் முதல் கை,
வேலிக்கு அப்பால் போன ஒரு சுண்டு சீனி
தேங்காயாகத் திரும்பி வருவது.
மறைந்த பொருள் எதுவுமில்லை!
குறைந்த இடத்தில் ரூபாய் வேறு மாதிரி இழுக்கிறது.
தர்சானந்தனுக்கு அனுப்ப
வசனம் கூடத் தயார்.

கிறேற்றர்-2 இல் இப்படித்தான் ஒருநாள் துள்ளினேன்.
பெரியதன் பக்கத்தில் மிதப்பதால்
சிறியதன் உள் இழுவையும் மெலியும்,
வெள்ளிகள் ஆறுதலாகத்தான் திரியும் என்று
அளக்க முதலே சொல்லிவைத்த சமன்பாடு.
அளந்தார்கள். கிட்டத்தட்ட அப்படியே.
டிராகோவைப் பற்றி அன்று நான் பேசவில்லை.
அது என் கணக்குக்குள் இருக்கமாட்டேன் என்கிறது;
அத்தனை சிறியது,
அத்தனை வேகம்.

குடும்பத்தில் எத்தனை பேர்?
"நாலு."
நான் கண்டது எமல்டா, யூட் நிக்சன், மூத்தவள்.
"நாலு எண்டு எழுதுங்கோ."
பேனை நின்றது.
"அல்போன்ஸண்ணையின்ர கொப்பியைப் பாருங்கோவன்.
கடன் அவற்ற பேரிலதான்.
என்ர பேருக்கு ஆர் குடுப்பினம்?"

பார்த்தேன். முதல் பக்கம்.
பெயர், அதன் கீழே பதினேழு வருடத்து அரிசி.
நான் விதி என்று எழுதப்போனது முழுக்க
அந்தப் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

படிவத்தில் 'வித்தியாசம்' என்று ஒரு பெட்டி உண்டு.
காரணத்துக்கு ஒன்றரை வரி இடம்.
பென்சிலால் ஏதோ எழுதி, அழித்து,
கடைசி வள்ளத்துக்கு ஓடிவந்தேன்.

தர்சானந்தனுக்கு இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை.
அவன் வென்றான் என்றும் சொல்லமாட்டேன்;
அவனுடைய இருட்பொருளுக்குப் பெயர் கிடையாது,
கடன் கொப்பி கிடையாது.

ஏறும்போது எமல்டா கையில் திணித்த சொப்பிங் பை
மடியில் கிடக்கிறது.
கறுப்புப் பை, இறுக்கிய முடிச்சு.
வருமானத்திலும் இல்லை, செலவிலும் இல்லை.
எத்தனை என்று தெரியாது.
முழங்காலில் படுகிறது, ஈரமாக,
உள்ளே ஏதோ கால் மாற்றி வைப்பது.